எந்த ஊர்க் கை நீண்டது?

ஃபோசாந்திகா,
வியாழக்கிழமை

‘சமவெளிக் குரல்’ வார இதழின் ஆசிரியர் திரு. எவரிஸ்தோ மன்னாரி அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களே,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், வேண்டியவர்கள் என்பதற்காக யாரையும் தப்பவிடவும் மாட்டேன். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் இல்லத்தில் இப்போது என் அம்மாவும் இருப்பதால் இது வெறும் சம்பிரதாயத்துக்கு எழுதியதல்ல. தாங்கள் என் தாய்மாமா என்பது பீசா நகரம் வரைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் இந்தக் கடிதம் முடியும்வரை தங்களை மாமா என்று அழைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு பத்திரிகாசிரியர் செய்த காரியத்துக்கு மாமா என்ற சொல் என்ன பாவம் செய்தது?

காரியம் இதுதான். சென்ற இதழின் முதல் பக்கத்தில், பன்றி இறைச்சிக் கடை விளம்பரத்துக்கு மேலே, “கம்போரெல்லாவின் கை நீண்டது! கருந்துளைகள் பிடிபட்டன!” என்று தலைப்புப் போட்டீர்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில், “ஃபோசாந்திகாவின் கை சுருங்கியது” என்றும் போட்டீர்கள். படம் வேறு. படத்தில் இருந்தது கருந்துளை அல்ல. கம்போரெல்லா ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக் கிணறு, மேலே இருந்து எடுத்தது. வாளி தெரிகிறது.

நம் சமவெளியில் இருக்கும் ஈர்ப்பலை ஆய்வுக்கூடத்தைப் பற்றித் தாங்கள் அறியாதது இருக்க முடியாது. தினமும் அதன் வேலி ஓரமாகத்தான் நாயை நடத்திக்கொண்டு போகிறீர்கள். ஆனால் அறியவில்லை என்பதைத் தாங்களே அச்சிட்டுவிட்டதால் எழுதுகிறேன். ஒரே மூலையிலிருந்து இரண்டு நீளக் குழாய்கள் புறப்படுகின்றன. ஒன்று வடக்கே மூன்று கிலோமீட்டர் ஓடித் தங்கள் கம்போரெல்லாவின் சோளக் கொல்லையில் முடிகிறது. மற்றது மேற்கே அதே மூன்று கிலோமீட்டர் ஓடி எங்கள் ஃபோசாந்திகாவின் தவளைக் குட்டைகளுக்குப் பக்கத்தில் முடிகிறது. இவற்றைத்தான் கைகள் என்கிறோம். உள்ளே காற்றே கிடையாது. ஒரு லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு கைகளுக்கும் அனுப்புகிறார்கள். இரண்டும் கடைசியில் தொங்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி மூலையில் சந்திக்கின்றன. எங்கோ தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றை ஒன்று சுற்றி மோதினால், அந்த அதிர்ச்சி அலையாகப் பரவி இங்கே வந்து சேரும்; அது கடந்து போகும்போது இடமே இழுபட்டுச் சுருங்கும். தலைக்கு மேலிருந்து வரும் அலையானால் ஒரு கை நீளும்போது மற்றது சுருங்கும், அடுத்த கணம் இது நீளும், அது சுருங்கும். திரும்பி வரும் இரண்டு ஒளிகளும் பொருந்தாமல் போகும். அந்தப் பொருந்தாமையைத்தான் அங்கே இராப்பகலாக உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆகவே ஒரு கை மட்டும் எதையும் பிடிக்காது. பிடித்தது என்று எழுதுபவர், இரண்டு தட்டு உள்ள தராசில் ஒரு தட்டை மட்டும் பாராட்டுகிறார்.

இதை எங்கள் பள்ளியின் முதலாண்டுப் பொடியன்களுக்குச் சொன்னேன், புரிந்தது. ஆனால் நம் இரண்டு ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலை யார் தூர்வாருவது என்று தொடங்கிய சண்டை, எந்த நூற்றாண்டில் தொடங்கியது என்பதிலும் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு. கம்போரெல்லாக்காரர்கள் எங்களைத் தவளைதின்னிகள் என்பார்கள். நாங்கள் அவர்களைக் கடலைமாவு வாயன்கள் என்போம், அவர்கள் கடலைமாவு அடையை மூன்று வேளையும் தின்பதால். இரண்டு ஊருக்கும் பொதுவான எங்கள் பள்ளியின் பெயர்ப் பலகையில் ஓர் ஆண்டு கம்போரெல்லா முதலில், மறு ஆண்டு ஃபோசாந்திகா முதலில். பலகை மாற்றும் நாளில் தலைமை ஆசிரியர் விடுப்பு எடுத்துக்கொள்வார். பாதிரியாரும் ஒருவர்தான். ஒரு ஞாயிறு அங்கே, மறு ஞாயிறு இங்கே. அவர் அங்கே பூசை வைக்கும் ஞாயிறுகளில் நாங்கள் இங்கே பாவம் செய்கிறோம் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் ஆய்வுக்கூடத்து டாக்டர் நிவெஸ் கொராசி அம்மையார் பள்ளிக்கு வந்து புதிய அலையைப் பற்றிப் பேசினார். பாவம், அவர் வடக்கு மலைப்பக்கத்துக்காரர், இந்த ஊர் விவகாரம் தெரியாது. வலது கையை வடக்கே நீட்டி, “இது நீளும்” என்றார். இடது கையை மேற்கே மடக்கி, “இது சுருங்கும்” என்றார். உடனே மாற்றியும் காட்டினார். அவர் மாற்றிக் காட்டிய அந்தச் சமயத்தில் தாங்கள் தாழ்வாரத்தில் நின்று இறைச்சிக் கடைக்காரருடன் தொலைபேசியில் விளம்பரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தேன். “கால் பக்கம் வேணாம், அரைப் பக்கமா எடுத்துக்க” என்று தாங்கள் சொன்னதுகூடக் கேட்டது. பாதிக் கூத்தைப் பார்த்துவிட்டு முழு விமரிசனம் எழுதினீர்கள்.

அந்த இதழ் வெளிவந்த அன்று மாலை அது எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா பாஸ்தா வடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைத் தங்களுக்குத் தெரியும். ரானியெரி பந்தேக்கி, வாய்க்கால் வாரிய ஊழியர், ஃபோசாந்திகாத் தவளை வறுவல் திருவிழாக் குழுவின் தலைவர். இரண்டாவது பதவிதான் பெரியது என்று நினைப்பவர். அவர் இதழை விரித்துப் பிடித்து, “உங்கண்ணன் எழுதியிருக்கறதப் பாத்தியா லொரெத்தா? எங்க கை சுருங்கிப்போச்சாம்” என்றார். அம்மா வடிகட்டியை உதறிக்கொண்டே, “சுருங்காம என்ன செய்யும்? ஒங்க ஊர்ல நாக்கத் தவிர எதுதான் நீண்டிருக்கு?” என்றாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அதை நான் சாட்சியாகச் சொல்வேன். ஆனால் அப்பா சிரிப்பைப் பார்க்கவில்லை, இதழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கம்போரெல்லாவில் பெண்ணெடுத்தால் இப்படித்தான், சோற்றோடு கிண்டலும் சேர்ந்து வரும் என்று தன் அப்பாவே சொன்னதாகச் சொன்னார். அம்மா, உங்கள் அப்பா அதைச் சொன்னது நம் கல்யாண விருந்தில் நான்காவது தட்டு அடையைத் தின்றுகொண்டே என்றாள். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் கருந்துளையைப் பற்றியது அல்ல; பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தாமல் கேட்ட விஷயங்கள். முடிவில் அம்மா பாஸ்தாவை மேசையில் வைத்துவிட்டு, காபிப் பாத்திரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் பாலத்தைத் தாண்டித் தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே காபிப் பாத்திரம் அது.

மறுநாள் காலை, காபி இல்லாத மனிதனுக்கு எவ்வளவு துணிச்சல் வருமோ அவ்வளவும் அப்பாவுக்கு வந்தது. படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து, “நீட்டியவன் பிச்சை கேட்டான், மடக்கியவன் முஷ்டி பிடித்தான்” என்று சிவப்புச் சாயத்தில் எழுதிப் பாலத்தில் கட்டினார். விரிப்பு அம்மாவுடைய சீதன விரிப்பு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, விரிப்பு இறங்கும்வரை வீட்டுக்கு வருவதில்லை என்று சொல்லி அனுப்பினாள். திருத்தம் அச்சாகும்வரை விரிப்பை இறக்குவதில்லை என்று அப்பா சொல்லி அனுப்பினார். இதழ் தொடங்கிய நாளிலிருந்து ‘சமவெளிக் குரல்’ ஒரு திருத்தமும் போட்டதில்லை என்று தாங்கள் சொல்லி அனுப்பினீர்கள், பெருமையாக. இத்தனையையும் சுமந்துகொண்டு அங்கும் இங்கும் நடந்தது நான். ஒருவர் வாலை ஒருவர் கவ்விக்கொண்ட மூன்று பூனைகளுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பெண் என்ன செய்வாள்? ராத்திரிச் சாப்பாடு என்ன என்று தாங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அப்பாவுக்குத் தவளை வறுக்க மட்டும்தான் தெரியும். தினமும் அதுதான்.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊருக்கும் பொதுவாகப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் அறிவியல் விழா வந்தது. ஈர்ப்பலைகள் நமக்கு என்ன சொல்கின்றன என்று ஒரு கட்டுரை வாசிக்கும் பொறுப்பு எனக்கு. கம்போரெல்லா விழாக் குழுத் தலைவி அர்ஜெந்தினா பூச்சி அம்மையார் என்னைத் தெருவில் நிறுத்தி, கன்னத்தைக் கிள்ளி, “நீ பாதி எங்க புள்ளதான, எது நீண்டுச்சுன்னு மட்டும் தெளிவா வாசிச்சுடு” என்றார். வீட்டுக்கு வந்தால் அப்பா, முஷ்டி என்ற சொல் கட்டுரையில் எங்காவது வருகிறதா என்று விசாரித்தார். வராது என்றேன். அறிவியல் கட்டுரைக்கு வலு வேண்டாமா என்றார். இவர்களெல்லாம் வரி கட்டுகிறார்கள், வாக்குப் போடுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதாவது மூச்சு முட்டுகிறது.

ஞாயிறன்று கூடத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் தவளை வறுவல், எதிர்ப் பக்கம் கடலைமாவு அடை, நடுவில் கூடைப்பந்துக் கோடுதான் வாய்க்கால். நான் வாசித்தேன். அந்த இரண்டு கருந்துளைகளும் சுற்றச் சுற்ற நெருங்கின, நெருங்க நெருங்க வேகம் கூடிற்று, அலையின் சுருதி ஏறிக்கொண்டே போயிற்று. எவ்வளவு விரைவாக ஏறியது என்பதைக் கொண்டே அவற்றின் எடையைக் கணக்கிட்டார்கள். வெளிச்சமே வராத பொருளைக் கண்ணால் பார்க்காமல் எடைபோட்டுவிட்டார்கள் என்று வாசித்தபோது அடைக் கடைப் பக்கம் யாரோ கொட்டாவி விட்டார். கடைசியில் இரண்டும் ஒன்றானபோது, ஏறக்குறைய மூன்று சூரியன் அளவு எடை அலையாக மாறிப் போய்விட்டது என்று வாசித்தேன். உடனே அப்பா எழுந்து நின்றார்.

“மூணு சூரியன் காணாமப் போயிருக்குன்னா, அன்னிக்கு ராத்திரி கம்போரெல்லாக்காரன் எவன் வெளிய இருந்தான்னு மொதல்ல விசாரிங்க” என்றார்.

இதற்கு எங்கள் பக்கம் கைதட்டினார்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நடந்தது இது, அப்போது கம்போரெல்லாவும் இல்லை, கம்போரெல்லாக்காரனும் இல்லை என்று நான் விளக்கினேன். “அப்பக் களவு மட்டும் எப்படி நடந்துச்சு?” என்று தவளைப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நடுவில்தான் ஓர் உண்மையை நான் சொல்ல வேண்டியிருந்தது. மோதி ஒன்றான கருந்துளை, அடித்த மணி போலக் கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வின் சுருதியும் அது அடங்கும் விதமும் அதன் எடையையும் சுழற்சியையும் சொல்லிவிடும். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் கருந்துளைக்கு வேறு அடையாளமே கிடையாது. எதை விழுங்கியது, எங்கிருந்து வந்ததை விழுங்கியது என்பதெல்லாம் வெளியே தெரியாது. அர்ஜெந்தினா அம்மையார் கையை உயர்த்தினார்.

“அப்ப உள்ள விழுந்தவன் எங்க ஊரா அவங்க ஊரான்னு தெரியவே தெரியாதா?”

தெரியாது என்றேன்.

“அப்ப அது நல்ல எடமில்ல” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபோசாந்திகாப் பக்கமும் தலையாட்டியது.

நூறாண்டுக்கு முன் காகிதத்தில் எழுதிய சமன்பாடு, பேரண்டத்தின் மிக முரட்டுத்தனமான இடத்திலும் பிசகவில்லை என்பதையும், ஈர்ப்பு ஒளியின் வேகத்தில்தான் பயணம் செய்கிறது என்பதையும், இரண்டு கருந்துளைகள் சேர்ந்த பிறகு அவற்றின் மொத்தப் பரப்பு ஒருபோதும் குறைவதில்லை என்பதையும் வாசித்து முடித்தேன். இவற்றில் தாங்கள் தங்கள் நோட்டில் குறித்துக்கொண்டது எதுவும் இல்லை. நான் பார்த்தேன். தாங்கள் மேசை மேலிருந்த அடையின் படம் வரைந்துகொண்டிருந்தீர்கள்.

பிறகு செய்முறை. எல்லோரும் கைகோத்துப் பெரிய வட்டமாக நிற்க வேண்டும், விசில் அடித்தால் கிழக்கும் மேற்கும் ஓர் அடி உள்ளே வர வேண்டும், வடக்கும் தெற்கும் ஓர் அடி வெளியே போக வேண்டும், அடுத்த விசிலுக்கு இதற்கு மாறாக. இதுதான் அலை கடந்து போகும் விதம் என்று காட்டத் திட்டம். அரை வட்டம் அவர்கள், அரை வட்டம் நாங்கள். அதுவரைக்கும் சரி. இரண்டு அரைகளும் சேரும் இரண்டு இடங்களில்தான் சிக்கல், அந்த ஊர்க் கையை இந்த ஊர்க் கை பிடிக்க வேண்டும். ஓர் இடத்தில் பாதிரியாரை நிறுத்தினோம், அவர் பொது. மற்ற இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே, வாய்க்கால் தாண்டிக் கல்யாணம் செய்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். கூடம் முழுக்கத் திரும்பி அம்மாவையும் அப்பாவையும் பார்த்தது. அப்படி ஒரு கல்யாணம் நம் சமவெளியில் ஒன்றுதான்.

அம்மா வந்து நின்றாள். அப்பாவும் வந்து நின்றார். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடியே கைகொடுத்தார்கள்.

“கை ஈரமா இருக்கு” என்றாள் அம்மா.

“தவள கழுவிட்டு வந்தேன்.”

“தொடச்சிருக்கலாம்ல.”

“தொடச்சேன்.”

அம்மா கையை எடுக்கவில்லை. நான் நடுவில் நின்றிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்.

விசில் அடித்தது. வட்டம் முட்டையாயிற்று. மறு விசிலுக்கு முட்டை வேறு பக்கம் திரும்பிற்று. இவ்வளவு பெரிய மனிதர்கள் இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சிரிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அர்ஜெந்தினா அம்மையார் நீளும்போது “நீண்டேன்” என்றும் சுருங்கும்போது “சும்மா விளையாட்டுக்கு” என்றும் சொல்லிக்கொண்டே நகர்ந்தார். முடிவு நெருங்க நெருங்கச் சுருதி ஏறும் என்று நான் வாசித்ததை அந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்தான் கவனமாகக் கேட்டிருந்தார் போலிருக்கிறது, விசிலை வேக வேகமாக அடிக்க ஆரம்பித்தார், நிறுத்தச் சொன்னேன், நிறுத்தல, உள்ள போறவனும் வெளிய போறவனும் ஒண்ணா மோதி, பாதிரியார் மேல ரொட்டிக்கடைக்காரர், ரொட்டிக்கடைக்காரர் மேல எங்க வாய்க்கால் வாரியம் மொத்தமும், கடைசியில இரண்டு ஊரும் கூடத்து நடுவுல ஒரே குவியலாக் கிடந்துச்சு. யார் கால் எந்த ஊர் என்று தெரியவில்லை. அந்தக் குவியலிலும் அப்பா அம்மா கையை விடவில்லை. அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதோ, முடிந்தது, இன்று ராத்திரி அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் தாங்கள், ஆசிரியர் அவர்களே, தாங்கள் மட்டும் வட்டத்தில் சேராமல் சுவரோரம் நின்ற தாங்கள், பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“சரி, ரெண்டும் மாறி மாறித்தான் நீளும்னே வச்சுக்குவோம். மொதல்ல நீண்டது எது?”

குவியல் இரண்டாகப் பிரிந்தது. வாய்க்கால் திரும்பவும் அதே இடத்தில் ஓடியது. அப்பா எழுந்து, தவளை குதிக்கும்முன் சுருங்கத்தான் செய்யும், முதலில் சுருங்கியவன்தான் முதல்வன் என்று முழங்கினார். அம்மா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு தங்கள் காரில் ஏறிக்கொண்டாள்.

ஆகவே இப்போது நான் கேட்பது திருத்தம். “மேற்குக் கை சுருங்கியது என்று எழுதியது தவறு, வடக்குக் கை பிடித்தது என்று எழுதியதும் தவறு, படத்தில் இருந்தது கிணறு” என்று முதல் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் போட வேண்டும். முதலில் நீண்டது எது என்ற தங்கள் கேள்விக்கும் பதில் போட வேண்டும். பதில் இது. அந்த இரண்டு கருந்துளைகளும் மோதுவதற்கு முன்னால் எத்தனையோ கோடி ஆண்டுகளாக ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தவை. அந்தச் சுற்றின் அலைகள் அப்போதிலிருந்தே இந்தச் சமவெளியைக் கடந்துகொண்டுதான் இருந்தன, யாருக்கும் கேட்காத அளவு மெலிதாக, மெதுவாக. முதல் என்று ஒன்று இல்லை. கடைசி நொடியில் சத்தம் பெரிதானபோது நமக்குக் கேட்டது, அவ்வளவுதான். அந்தச் சத்தத்திலும் கை எவ்வளவு நீண்டிருக்கும் தெரியுமா? தாங்கள் “ஒரு முழம்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓர் அணுவின் கருவில் இருக்கும் ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தப் பங்குக்காக எங்கள் வீட்டில் தவளை வேகிறது.

திருத்தம் போடுவது அவமானம் என்று நினைக்கிறீர்கள். ஆய்வுக்கூடத்தில் தினமும் திருத்தம்தான் வேலை. டிராக்டர் ஓடினால் அது அலை அல்ல என்று கண்டுபிடித்துக் கழிக்கிறார்கள், கடல் கொந்தளித்தால் கழிக்கிறார்கள், இடி இடித்தால் கழிக்கிறார்கள். இத்தனை பொய்யையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கருந்துளை. தங்கள் இதழில் பொய்யைக் கழித்தால் இறைச்சிக் கடை விளம்பரம்தான் மிஞ்சும். அதிலும் விலை தப்பு என்று அப்பா சொல்கிறார்.

நான் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான். ஆனால் அதைவிட, காலையில் எழுந்து வந்தால் அடுப்படியில் அம்மா இல்லை. அப்பா காபி இல்லாமல் ஜன்னல் பக்கம் நின்று பாலத்தையே பார்க்கிறார், நான் வந்தால் வானிலை பார்த்தேன் என்கிறார். அங்கே அம்மாவும் இந்தப் பக்கத்து ஜன்னலில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அத்தை சொன்னார். போடுங்க மாமா. ரெண்டு வரி போட்டா என்ன குறைஞ்சுடும்? அம்மாவ அனுப்பிடுங்க.

மாமா என்று எழுதிவிட்டேன். கோடிட்டு அடிக்கவில்லை, நடந்ததை நடந்தபடியே எழுதுவதாகச் சொன்னதால் அப்படியே விடுகிறேன்.

அத்தைக்கு என் அன்பு. நாயின் கால்வலி தேவலையா? தங்கள் பென்சில் கூர்மையாகவும் தங்கள் காது அதைவிடக் கூர்மையாகவும் இருக்க, அப்பாவுக்குப் பெயர் தந்த புனித ரானியெரியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு, தங்கள் இதழின் கடைசிப் பக்கக் குறுக்கெழுத்துக் கட்டத்தை மட்டும் மதிப்புடன் நிரப்பிவரும்
இசோத்தா பந்தேக்கி
நடுநிலைப் பள்ளி, மூன்றாம் ஆண்டு

பி.கு.: மேலே எழுதியது எதையும் அச்சிட வேண்டாம்.

அறிவியல் பிழை இருக்கக் கூடாது என்று டாக்டர் நிவெஸை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். அடுப்படி மேசையில் வைத்து அவருக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அப்பா பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றிருந்தார். பாதியில் அம்மாவும் வந்தாள், குளிர் தொடங்கிவிட்டது, கோட்டை எடுக்க வந்தேன் என்றாள். நான் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தேன். அம்மா கோட்டைப் போட்டு எல்லாப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு கதவருகே நின்று கேட்டாள்.

டாக்டர் நிவெஸ், தலைக்கு மேலிருந்து வரும் அலைக்கு நான் எழுதியது எல்லாம் சரி, ஆனால் இந்த அலைக்குச் சரியல்ல என்றார். முழு அறிக்கை இன்றுதான் வெளிவந்ததாம். இந்த அலை அடிவானத்தை ஒட்டி, இரண்டு கைகளுக்கும் சரி நடுவான திசையிலிருந்து வந்திருக்கிறது. அந்தத் திசையிலிருந்து வந்தால் இரண்டு கைகளும் ஒன்றாக நீளும், ஒன்றாகச் சுருங்கும். பொருந்தாமையே இருக்காது, ஆகவே கருவிக்கு ஒன்றும் கேட்காது. அமெரிக்காவில் உள்ள இரண்டு கருவிகளுக்குத்தான் கேட்டிருக்கிறது. நம்முடையதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நமக்குக் கேட்கவில்லை என்பதை வைத்துத்தான் வானத்தில் அது எந்தப் பக்கம் என்று குறுக்கிப் பார்த்திருக்கிறார்கள், அந்த வகையில் பெரிய உதவி என்றார்.

“அப்ப ரெண்டு கையும் ஒண்ணாத்தான் நீண்டுச்சா?” என்று அப்பா கேட்டார்.

“ஒண்ணாத்தான். ஏறக்குறைய ஒரே அளவு.”

“சுருங்கினதும்?”

“அதுவும் ஒண்ணாத்தான்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நான் பயந்தேன். சிரிப்பு. “இதுக்கா என் சீதன விரிப்பு?” என்றாள். அப்பா ஈரக் கையோடு பாலத்துக்குப் போனார்.

ஆகவே திருத்தம் வேண்டாம் மாமா. இது வெளியே தெரிந்தால் இரண்டு ஊரும் சேர்ந்துகொண்டு, எந்தக் கை அதிகச் செவிடு என்று சண்டையைத் தொடங்கிவிடும். தாங்களும் போட மாட்டீர்கள் என்று தெரியும். நம் சமவெளியில் இரண்டு பேர் ஒத்துப்போனால் அது செய்தியே அல்ல. நிவெஸ் அம்மையார் போய்விட்டார். அப்பா விரிப்பை ஊறவைத்துவிட்டு, சாயம் போகுமா என்று இரண்டு தடவை கேட்டார், போகாது என்று இரண்டு தடவையும் அம்மா சொன்னாள். கோட்டை ஆணியில் மாட்டியிருக்கிறாள். இன்னும் ஒரு வரி எழுதலாம் என்றிருந்தேன், அதற்குள், எழுதினது போதும் படு என்று சொல்லிவிட்டு அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.